ஐந்தாம் படிவம் முடிந்தது; அடுத்த மூன்று மாதம்?

(தோட்டக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, காலை வெட்டு முடித்து, ஓய்வையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் எஸ்.பி.எம். மாணவச் செல்வங்களே!

சங்கம் கூட்டம் போட்டால் சம்பளம், போனஸ், வீடு, குடிநீர் என்றுதான் பேசும் என்று எண்ணி வந்தவர்கள் இன்று சற்று ஏமாறக்கூடும். ஐந்தாம் படிவத் தேர்வு எழுதி முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டோம். ஆனால் இதுவும் சம்பள விஷயம்தான். இன்றைக்கு வாங்கும் சம்பளமன்று. இன்னும் நாற்பது ஆண்டுக்கு நம் பிள்ளை வாங்கப் போகும் சம்பளம்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. துரைமார்களும் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள்? சில தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலைதான் பள்ளிக்கூடம். கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பெயரெழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை, தாயின் பின்னால் மங்கு துடைக்கப் போய்விடும். அடுத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. அடுத்ததும் அதே நிரைதான், அதே வாளிதான்.

இன்று நிலைமை வேறு. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப் பள்ளியில் ஐந்து ஆண்டு, புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இன்னும் ஓராண்டு, ஆகப் பதினோரு ஆண்டோ பன்னிரண்டு ஆண்டோ படிக்கிறார்கள். அத்தனை ஆண்டும் நாம் பஸ் காசு கொடுத்தோம்; டியூஷனுக்குக் கொடுத்தோம்; இருட்டில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தோம். அந்தப் பாடெல்லாம் பலிக்குமா, வீணாகுமா என்பது எப்போது தீர்மானமாகிறது? தேர்வு மண்டபத்தில் என்று தாங்கள் சொல்வீர்கள். தோட்டந்தோறும் போய்ப் பார்த்த அளவில் எங்கள் அபிப்பிராயம் வேறு. தேர்வு முடிந்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மாதம் கிடக்கிறதே, அந்த மூன்று மாதத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகளின் கதை முடிவாகிறது.

2020ஆம் ஆண்டுத் தேர்வைத் தொற்றுநோயின் காரணமாக 2021 பிப்ரவரியில்தான் தொடங்கினார்கள். முடிவு ஜூன் மாதத்தில் வந்தது. அதன்பிறகு தேர்வு மாதம் முன்னும் பின்னுமாக மாறியது. மாதம் மாறினாலும் இந்த இடைவெளி மட்டும் போகவில்லை.

அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது? தேர்வு முடிந்த மறுவாரமே பிள்ளை பட்டணத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்கோ தொழிற்சாலைக்கோ தற்காலிக வேலைக்குப் போகிறது. போகட்டும், தவறில்லை, வீட்டில் சும்மா கிடப்பதைவிட அது மேல். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தொகையாகத் தெரிகிறது, நமக்குந்தான் தெரிகிறது. முதல் மாதம் தாய்க்குச் சேலை வாங்குகிறது. கண்ணில் நீர் வருகிறது. இரண்டாம் மாதம் கைப்பேசி. மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம். மோட்டார் சைக்கிள் தவணை என்ன மூன்று மாதத்தில் முடிகிற சங்கதியா? பல ஆண்டுக் கடன்! ஆகத் தேர்வு முடிவு வருகிற அன்று பிள்ளையின் கையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று தேர்வு முடிவு. மற்றது தவணைச் சீட்டு. எந்தத் தாள் வெல்லும் என்று தங்களுக்கே தெரியும்.

பால்மரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? கன்று நட்டு, ஐந்தாறு ஆண்டு களை பிடுங்கி உரம் போட்டு, அடிமரம் ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவுக்கு வந்த பின்புதான் கத்தி வைக்கிறோம். பால் விலை ஏறிப்போயிற்றே என்று இளமரத்தில் கத்தி வைத்தால், மரம் வளர்ச்சி குன்றி ஆயுள் முழுவதும் குறைவாகவே பால் கொடுக்கும் என்பது நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க, நம் சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்?

ஏன் என்பதும் எங்களுக்குத் தெரியும். சொல்லக் கூச்சப்படுகிறீர்கள், நாங்களே சொல்லிவிடுகிறோம். வீடு! தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டிப் போட்டதாக இருக்கிறது. தகப்பனுக்கு அறுபது வயது நெருங்குகிறது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே, குடும்பம் எங்கே போகும் என்ற பயம் வருகிறது. உடனே மூத்த பையனைத் தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு நிலைக்கும் என்று யோசனை பிறக்கிறது. பையனும் ஒன்றும் பேசாமல் தலையாட்டுகிறான். நல்ல பிள்ளைகள்தாம் அப்படித் தலையாட்டுகிறார்கள் என்பதுதான் வேதனை. தகப்பனாருக்கு ஓய்வு வயது நெருங்கினால் ஓரிரண்டு ஆண்டு முன்னதாகவே கிளைக் காரியதரிசியிடம் வந்து சொல்லுங்கள். நிர்வாகத்தோடு பேசுவதும், அவகாசம் கேட்பதும், மாற்று வீட்டுக்கு மனுப் போடுவதும் சங்கத்தின் வேலை. அந்தப் பாரத்தை எஸ்.பி.எம். எழுதிய பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். தவிரவும், எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பிறகு வீடமைப்பு நிலமாகிப் போயின! வீட்டுக்காகப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் சில இடங்களில் வீட்டையும் இழந்து நின்றார்கள்.

தோட்ட வேலை கேவலம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சங்கத்தை வளர்த்தவர்களே வெட்டுக்காரர்கள்தாம். விவரம் தெரிந்து, தானே விரும்பி ஒரு பிள்ளை தோட்டத்தில் நின்றால் வாழ்த்துவோம். அப்படி நிற்கிற பிள்ளையும் படித்து நிற்கலாமே! செம்பனை எண்ணெய் ஆலையின் நீராவிக் கொதிகலனை நடத்துவதற்குத் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1919ஆம் ஆண்டில் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் தோட்டத் தொழிலுக்கென்றே தேர்வுகள் நடத்துகிறது. செர்டாங்கில் 1931ஆம் ஆண்டில் விவசாயப் பள்ளியாக ஆரம்பித்ததுதான் பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. நம் பிள்ளை அங்கே படித்துவிட்டுச் சின்னத் துரையாகத் திரும்பி வந்தால் பிரட்டுக் களத்தில் யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்?

சரி, வழிகள் என்னென்ன? முதலில் ஆறாம் படிவம். இதைப்பற்றி நம்மவர்களிடையே ஒரு கெட்ட பெயர் பரவிக் கிடக்கிறது: மிகவும் கஷ்டம், ஏழைகளுக்கு வேறு வழியில்லாமல் போகிற இடம் என்று. கஷ்டந்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டுப் படிப்பு. 2012ஆம் ஆண்டு முதல் மூன்று தவணையாகப் பிரித்துத் தேர்வு வைக்கிறார்கள். ஒரு தவணையில் சறுக்கினால் மறுபடி எழுத வழி இருக்கிறது. அரசாங்கப் பள்ளி, செலவு குறைவு. இதில் தேறினால் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிக்கிற சான்றிதழ். கையில் காசில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு, படிப்பில் பிடிப்பும் இருந்தால், இதைவிட மலிவான பாதை இல்லை என்பது எங்கள் துணிபு.

அடுத்தது மெட்ரிகுலேஷன். ஓராண்டில் முடியும், இரண்டாண்டு வகுப்பும் உண்டு. 2002ஆம் ஆண்டு வரை நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவே திறக்கவில்லை. பிறகு நூற்றுக்குப் பத்து என்று பூமிபுத்ரா அல்லாதார் எல்லாருக்கும் சேர்த்து ஒதுக்கினார்கள். 2024ஆம் ஆண்டில், பத்துப் பாடங்களில் ஏ பெற்ற எல்லா மாணவருக்கும் இன வேறுபாடின்றி இடமுண்டு என்று பிரதமர் அறிவித்தார். நியாயம் முழுதாக வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது தனியாகப் போராட வேண்டிய விஷயம். ஆனால் விண்ணப்பமே போடாத பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்று நாம் எந்த மேடையில் முறையிட முடியும்? சில விண்ணப்பங்கள் முடிவு வருமுன்பே திறந்து மூடிவிடுகின்றன. அப்போது நம் பிள்ளை சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கும்.

தமிழாசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. அதற்கு நல்ல தேர்ச்சி வேண்டும், நேர்முகத் தேர்வும் உண்டு. தாதிமைப் பயிற்சிக்கு அறிவியல், கணிதம், மலாய்மொழி இவற்றில் நல்ல தேர்ச்சி கேட்பார்கள்.

ஏ எண்ணிக்கை குறைந்த பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பத்திரிகைகளில் படம் வருவது பத்து ஏ வாங்கிய பிள்ளைக்கு. மாலை போடுவதும் அதற்கே. நம் லயத்தில் பாதிப் பிள்ளைகள் மூன்று பாடத்திலோ நான்கு பாடத்திலோதான் நன்றாகத் தேறி நிற்கிறார்கள். அவர்களுக்கு யார் வழி சொல்கிறார்கள்? ஈப்போவில் 1969ஆம் ஆண்டு முதல் நடக்கும் உங்கு ஓமார் தொடங்கி நாடெங்கும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, டிப்ளோமா தருகிறார்கள். 2001ஆம் ஆண்டு முதல் சமூகக் கல்லூரிகள் நடக்கின்றன. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் என்று ஒன்று. முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை ஏறி, நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா என்று படிப்படியாகப் போகலாம். உட்கார்ந்து படிக்கப் பொறுமையில்லாத பையனுக்கு 2005ஆம் ஆண்டில் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது: பெரும்பகுதி நேரம் தொழிலிடத்தில் வேலை செய்து பழகுவான், மீதி நேரம் பயிற்சிக் கூடத்தில் பாடம்.

“கைவேலை படிக்கவா இவ்வளவு பாடுபட்டு அனுப்பினோம்?” என்று ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். அவர் வீட்டில் அன்று மின்சாரம் கெட்டுப்போயிருந்தது. பட்டணத்திலிருந்து வந்த வயர்மேன் அரைமணி நேரம் வேலை செய்துவிட்டு எவ்வளவு வாங்கிப் போனான் என்று அவரையே திருப்பிக் கேட்டோம். சிரித்துவிட்டார். வயர்மேன், சார்ஜ்மேன் என்றால் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது இருக்கிறவனைத் தேடி ஆள் வருகிறது. வெல்டிங், குளிர்சாதனம், கனரக வாகனப் பழுதுபார்ப்பு எல்லாம் அப்படித்தான். சான்றிதழ் இல்லாமல் கடையோரம் நின்று கற்றுக்கொண்ட பையனும் நன்றாகவே வேலை செய்வான். ஆனால் சம்பளம் பேசும்போது முதலாளி தாளைக் கேட்பார். அது சங்கம் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மலாய்மொழியிலோ, 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றிலோ தவறினால் சான்றிதழே கிடையாது. பிள்ளை அன்றோடு இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. மறுதேர்வு இருக்கிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. மலாய், வரலாறு, கணிதம் இவற்றைத் தனியே மறுபடி எழுதலாம். எட்டுப் பாடத்தில் தேறி ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையை, எட்டையும் மறந்துவிட்டு, “பெயிலாகிவிட்டது” என்று நிரை முழுதும் சொல்லித் திரிவது என்ன நியாயம்? அத்தைமார்களும் மாமாமார்களும் கொஞ்சம் வாயைக் கட்ட வேண்டும்.

ஆகவே எங்கள் யோசனை இது. முடிவு வருமுன்பே, தகப்பன், தாய், பிள்ளை மூவரும் ஒரு மாலை உட்காருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு தாளில், முடிவு நன்றாக வந்தால் இன்ன இடம், நடுத்தரமாக வந்தால் இன்ன இடம், மலாயிலோ வரலாற்றிலோ தவறினால் இன்ன ஏற்பாடு என்று எழுதுங்கள். எழுதும்போது பிள்ளையைப் பேச விடுங்கள். “டாக்டருக்குப் படி” என்று நாம் சொல்ல, அது தலையாட்ட, உள்ளுக்குள் மோட்டார் எஞ்சினை எண்ணிக்கொண்டிருந்தால் பயனில்லை. பிறகு அந்தத் தாளை உறைவிட்டு எடுக்காமல், அந்தந்த இடத்துக்கு விண்ணப்பம் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பக்கத்தில் தேதி குறியுங்கள். பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, பல்கலைக்கழக டிப்ளோமா இவற்றுக்கெல்லாம் யு.பி.யு. என்ற ஒரே வாசல். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடும் உண்டு. இதெல்லாம் கைப்பேசியிலேயே செய்யக்கூடியது. ஆனால் கடவுச்சொல்லை மறந்துபோய்க் கடைசி நாளில் காரியாலயத்துக்கு ஓடி வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதையும் தாளிலேயே எழுதி, அம்மாவின் அரிசி டின்னுக்குள் வைத்துவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். பி.டி.பி.டி.என். கடன் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. இனாமன்று, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறினால் கட்டாமல் விலக்குப் பெற வழி இருக்கிறது. நம் ஊழியர் சேமநிதியில், 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரித்த கணக்கில் ஒன்றிலிருந்து, பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். அது நம் கிழப்பருவச் சோறு என்பதையும் எண்ணி அளவோடு எடுங்கள். தகப்பனார் இறந்தோ, உடல் முடங்கியோ சொக்சோ பென்ஷன் வரும் குடும்பங்கள் இங்கே சில இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குச் சொக்சோவில் கல்விக் கடன் வசதி உண்டு. பென்ஷன் வாங்கும் தாய்மார்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில், தோட்டத்து மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் அங்கத்தினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வந்திருக்கிறது. தாத்தா காலத்துப் பங்குச் சீட்டு பெட்டியின் அடியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. தேர்வு முடிந்ததும் தோட்டத்துக்குள் கழுத்துப்பட்டை கட்டிய ஆட்கள் வருவார்கள். கையில் பளபளக்கும் படப்புத்தகம். “இன்றே பதிந்தால் மடிக்கணினி இலவசம், கடனெல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்” என்பார்கள். எல்லாத் தனியார் கல்லூரியும் மோசமென்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அப்படிச் சேர்ந்த ஒரு பெண், பாதியில் படிப்பு நின்று, கடன் மட்டும் மிஞ்சி, அதை எப்படிக் கட்டுவது என்று எங்களிடம் வந்து அழுதது. கையெழுத்துப் போடுமுன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வந்தவர் காத்திருக்க முடியாது என்றால், நல்லது, போகட்டும்.

தஸ்தாவேஜுகள் விஷயத்தில் நம்மிடம் மெத்தனம் அதிகம். பிறப்புப் பத்திரம் இல்லாமல், அல்லது சிவப்பு அடையாள அட்டையோடு, பதினேழு வயது வரை ஓடிவிட்ட பிள்ளைகள் இன்றும் தோட்டங்களில் இருக்கிறார்கள். பள்ளியில் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். அரசாங்கக் கல்லூரியும் கடனும் என்று வரும்போது கதவு அடைத்துவிடுகிறது. இதைச் சரி செய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும். எனவே நாலாம் படிவத்துப் பெற்றோர், ஏன், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கூட, இன்றே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாலாம் படிவத்தாருக்கு இன்னொரு வார்த்தை: ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது நூற்றுக்குப் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. மாலையில் பஸ் இல்லை என்று விளையாட்டையும் சாரணர் இயக்கத்தையும் விட்டுவிடும் பழக்கம் இப்போதே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் தீர்ந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தோட்டந்தோறும் பார்க்கிறோம், நன்றாகத் தேறுகிறவர்களில் பெண்கள்தாம் முன்வரிசையில். கல்லூரி இடம் கிளந்தானிலோ பெர்லிஸிலோ கிடைத்துவிட்டால், “அவ்வளவு தூரம் எப்படித் தனியே விடுவது?” என்று தாயாரே வேண்டாம் என்கிறார். அந்தப் பயம் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே விடுதி இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், ஏற்கனவே போன நம் பெண்களும் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், தகப்பனும் தாயும் கூடவே போய், படுக்கும் அறையைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையின் பெற்றோரிடம் பேசிவிட்டு வாருங்கள். பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். பஸ் காசும் பதிவுக் கட்டணமும் இல்லாமல் ஒரு பெண்ணின் இடம் போகும் நிலை வந்தால், தேதி கடந்த பிறகு வந்து அழாமல், கடிதம் வந்த அன்றே காரியதரிசியிடம் கொண்டு வாருங்கள். அங்கத்தினர்களிடம் கையேந்தியாவது அனுப்பி வைப்போம்.

கிளைக் காரியாலயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருக்கிறோம். தேர்வு எழுதிய ஒவ்வொரு பிள்ளையின் பெயர், எதற்கு விண்ணப்பித்தது, பதில் என்ன என்று அதில் எழுதி வருவோம். முடிவு வரும் வரை ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்குக் காரியாலயம் திறந்திருக்கும். ஆறாம் படிவம் முடித்த நம் பெண் ஒருவரும், தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்து வந்த தம்பி ஒருவரும் வந்து விண்ணப்பம் நிரப்ப உதவுவார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் இரண்டிரண்டு பிரதி எடுத்து வாருங்கள். அங்கத்தினரல்லாதார் பிள்ளைகளும் வரலாம். சந்தாச் சீட்டு கேட்க மாட்டோம்.

இனிக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும். தூணுக்குப் பின்னால் நிற்கும் தம்பிமார்கள் முன்னால் வந்து உட்காருங்கள்.